யானைக் காசு உருகிய ஞாயிறு

ராசாவின் தலை பொறித்த காசை உருக்கியாயிற்று, தலையும் போயிற்று என்றால், மிச்சம் கிடக்கிற பொன் யாருடையது?

கலாவதி அக்கா இதைக் கேட்டபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் லண்டனில் இல்ஃபோர்ட் வீதிகளில் திரிந்துகொண்டிருந்தேன். "யோசிச்சுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். பிறகு அவருடைய தம்பியிடமும் கேட்டேன். அவருடைய அம்மாவிடமும் கேட்டேன். அவர்கள் மூன்று பேரும் சொன்னதை வைத்து எழுதியதுதான் இது.

கலாவதி யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவள். கலியாணமாகி இரண்டு வருடம் முடிவதற்கு முன், எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில், கடைக்குப் போன கணவன் ஷெல் பட்டுச் செத்துப்போனான். இரண்டு வருடம் கழித்து லண்டனுக்கு வந்தாள். வந்த புதிதில் சாண்ட்விச் அடுக்குகிற பக்டரியில் ஷிப்ட் வேலை. குளிர் அறைக்குள் நின்று நின்று விரல் நுனி மரத்துப்போன ஒரு நாளில், ஒரு தமிழ்க் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். பழங்காசுக் கடைக்கு ஆள் தேவை, கையெழுத்து அழகாக இருக்க வேண்டும், கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்று தமிழில் எழுதியிருந்தது. அன்றைக்கே போனாள்.

கடை ஹோபன் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. முதலாளி சேஷாத்ரி, கும்பகோணத்துக்காரர். வங்கி உத்தியோகத்தை உதறிவிட்டுக் கிரேக்கக் காசுகளின் பின்னால் போன மனிதர். கலாவதியின் வேலை, காசுகளை நிறுத்து, சின்னக் கடதாசிக் கவருக்குள் போட்டு, மேலே பெயர் எழுதுவது. பட்டியல் புத்தகம் அச்சிடுகிற காலத்தில் காசுகளைப் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த படப்பிடிப்புக்காரரிடம் கொண்டுபோவதும் அவள்தான். குட்மேய்ஸில் இருக்கிற அவளுக்கு அது வீட்டுப் பக்கம்.

"உங்க ஊர்ல ஓம்னா ஆமாவா, கலாவதி? எங்க ஊர்ல ஓம்னா ஹோமம் ஆரம்பிச்சுட்டான்னு அர்த்தம்."

"ஓம் சேர்."

"பாத்தேளா, மறுபடியும் ஹோமம்!"

இப்படித்தான் அவர்களுடைய நாட்கள் போய்க்கொண்டிருந்தன. குட்மேய்ஸ் வீட்டை வாடகைக்கு எடுத்தது அவள். பிறகு வந்த தம்பி பத்மநாதனையும் அம்மா கமலாம்பிகையையும் அந்த வீட்டில் வைத்துப் பார்த்ததும் அவள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில் பத்மநாதனுக்குக் கலியாணம் நிச்சயமானது. பொன்னுருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் தாலி செய்வதற்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரம் பார்த்து, எல்லோர் முன்னாலும் உருக்குவார்கள். அந்தப் பொன் ஒரு பவுண் காசாக இருக்க வேண்டும். அதுதான் முறை.

முதல் நாள் சனிக்கிழமை, கடை பூட்டுகிற நேரம், சேஷாத்ரி ஒரு காசைத் துணியில் வைத்து அவளிடம் நீட்டினார். திங்கட்கிழமை படப்பிடிப்புக்குப் போக வேண்டியது. அந்த வருடம் கடைக்கு வந்த காசுகளிலேயே பெரியது. அளவில் அல்ல, பெருமையில்.

"யாரு இவர்?"

"தாலமி. எகிப்து ராசா. போன கிழமையும் சொன்னனீங்கள் சேர்."

"இன்னொரு தரம் சொல்றேன், கேளுங்க. இவர் ராஜா வீட்டுப் பிள்ளை இல்ல. அலெக்சாந்தரோட தளபதி. அலெக்சாந்தர் செத்ததும் ஆளுக்கொரு நாட்டைப் பிடிச்சுண்டா. இவர் எகிப்தைப் பிடிச்சுண்டார். அதுவரைக்கும் அந்தப் பக்கத்துக் காசுல சாமி தலைதான் இருக்கும். இவர் என்ன பண்ணினார்? உயிரோட இருக்கச்சயே தன் தலையைப் பொன்னுல அடிச்சார். பாருங்க, நெத்தியில பட்டி. அதுதான் கிரீடம். நீ ராஜான்னு யாரு சொன்னா? நானே சொன்னேன். யாரு ஒத்துண்டா? காசைக் கைநீட்டி வாங்கினவன் எல்லாம் ஒத்துண்டான்!"

காசைத் திருப்பினார். நான்கு யானை பூட்டிய தேர். அதில் ஒருவன் நின்றான்.

"இது அலெக்சாந்தர். செத்துப்போய் சாமியாயிட்டார். பின்பக்கம் செத்தவர், முன்பக்கம் இருக்கறவர். செத்தவர் பேரைச் சொல்லி இருக்கறவர் ராஜாவாயிட்டார். அப்புறம் இவரும் இவர் பிள்ளையும் ஒரு சட்டம் வெச்சா. அலெக்சாந்திரியா துறைமுகத்துல இறங்கற வியாபாரி, கையில இருக்கற காசையெல்லாம் குடுத்துடணும். வெளியூர்க் காசு உள்ள செல்லாது. உருக்கி, இவர் தலையைப் போட்டுத் திருப்பிக் குடுப்பா. கொஞ்சம் எடை கம்மியா."

"ஹீத்ரோவிலை எங்கடை நோட்டையும் ஒருத்தரும் வாங்கேல்லை சேர். இவையாவது உருக்கித் திருப்பிக் குடுத்திருக்கினம்."

சேஷாத்ரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவள் கேட்டபடி ஒரு பவுண் காசையும் எடுத்துக் கொடுத்தார். ஐந்தாம் ஜோர்ஜ் தலை, மறுபக்கம் குதிரையில் ஒருவன் பறவைநாகத்தை வெட்டுகிற படம். அதற்கான விலையை அவள் ஏற்கெனவே சம்பளத்தில் கழித்துவிட்டிருந்தாள். இரண்டு காசும் இரண்டு கவருக்குள் போயின. ஜோர்ஜ் ராசாவைக் கைப்பையின் வெளிப் பைக்குள் வைத்தாள். தாலமி ராசாவை உட்பக்க ஜிப்புக்குள் வைத்து இழுத்து மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பவுணைக் கொடுக்கக் கைப்பையைத் திறந்தாள்.

"நீ கையாலை தராதை பிள்ளை" என்றாள் கமலாம்பிகை. சத்தமில்லாமல்தான் சொன்னாள், கோபமாக அல்ல. "பையை அதிலை வை. நாளைக்கு நான் எடுக்கிறன்."

கலாவதி பையை மேசையில் வைத்தாள். "கவருக்கை கிடக்கு அம்மா" என்று மட்டும் சொன்னாள். எந்தக் கவர் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவளுடைய மனம் அப்போது வேறொன்றில் நின்றது. தன் உழைப்பில் வாங்கிய பொன், தம்பியின் கலியாணத்துக்கான பொன், அதைத் தன் கையால் தரக் கூடாது.

மறுநாள் காலையில் அம்மா மாடிப்படியில் நின்று சொன்னாள்: "ஆக்கள் வரத் தொடங்கப் போகினம். நீ மேலை இருந்து கொஞ்சம் ஓய்வெடன் பிள்ளை. முடிஞ்சாப் பிறகு கூப்பிடுறன்."

கணவனை இழந்தவள் மங்கல காரியத்தில் நிற்கக் கூடாது என்று அம்மா வாயைத் திறந்து சொல்லவில்லை. யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஓய்வெடு என்பார்கள், அலுத்துப்போயிருப்பாய் என்பார்கள். கலாவதிக்கு அலுப்பு ஒன்றும் இல்லை. இருந்தும் மேலே போய்க் கட்டிலில் இருந்தாள்.

கீழே ஆட்கள் வந்தார்கள். ஈஸ்ட்ஹாமிலிருந்து நகை செய்கிற பத்தர் வந்தார். அவர் பெயர் கோபாலகிருஷ்ணன், எல்லோரும் பத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னறைக் கம்பளத்தைச் சுருட்டி, செங்கல் வைத்து, தகரத் தட்டில் கரி மூட்டினார்கள். புகை எழுந்த கையோடு கூரையில் இருந்த புகை அலாரம் வீரிட்டது.

"மேளம் தொடங்கிட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

"உது மேளமில்லை, பயர் பிரிகேட்! பொலித்தீன் பையைக் கொண்டு வந்து மூடடா, தம்பி!"

"மாப்பிள்ளை கதிரையிலை ஏறக் கூடாது, வேறை ஆரும் ஏறுங்கோ!"

மேலே இருந்த கலாவதிக்கும் சிரிப்பு வந்தது. தனியே இருந்து சிரித்தாள். பிறகு கீழே அமைதி. ஊதுகுழல் சத்தம். அதன்பின் பத்தரின் குரல் படியேறி வந்தது.

"இதென்ன காசு, நசுங்கின காசு? பழங்காலத்துப் பவுண்போலை கிடக்கு. ஆனா அம்மா, பொன் எண்டாப் பொன்! கலப்பே இல்லை. லண்டன் வந்து இப்பிடி ஒரு பொன்னை நான் உரைச்சுப் பாக்கேல்லை."

"என்ரை மகள் காசுக் கடையிலை நிக்கிறாள். பாத்துத்தான் எடுத்திருப்பாள்" என்றது அம்மாவின் குரல். அந்தக் குரலில் பெருமை இருந்தது.

கலாவதிக்கு அது கேட்டது. ஐந்தாம் ஜோர்ஜின் பவுணில் கொஞ்சம் செம்பு கலந்திருக்கும், பத்தருக்கு அதுகூடத் தெரியாதா என்று ஒரு கணம் யோசித்தாள். வீட்டுக்காரரை மகிழ்விக்கச் சொல்கிறார் என்று விட்டுவிட்டாள். நசுங்கின காசு என்ற சொல்லையும் விட்டுவிட்டாள். கீழே இறங்கி ஓடி வந்திருந்தால் அந்தக் கணத்தில்கூட நேரம் இருந்திருக்கும். ஆனால் இறங்கி வரக் கூடாத ஒருத்திக்கு அந்த எண்ணம் எப்படி வரும்?

உருகிய பொன்னைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்கள். கண்ணில் ஒற்றினார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள். கார்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகு, அம்மா படியடியில் நின்று "பிள்ளை, வா" என்று கூப்பிட்டாள்.

கலாவதி வந்ததும் கமலாம்பிகை அவள் உள்ளங்கையில் ஒரு காசை வைத்தாள். ஐந்தாம் ஜோர்ஜ்.

"இந்தா, மற்றக் காசு. ரண்டைக் கொண்டு வந்தனீ, எதெண்டு சொல்லேல்லை. நான் ரண்டையும் பாத்தனான். இதிலை நிக்கிறவன் உடுப்பும் இல்லாமல் குதிரையிலை இருக்கிறான், நாகத்தை வேறை வெட்டுறான். நாகத்தை வெட்டுற காசிலை ஆரும் தாலி செய்வினமே? மற்றதிலை யானை. பிள்ளையார்தான் வந்து நிண்டார் எண்டு நினைச்சு அதைக் குடுத்திட்டன்."

கலாவதி கையை விரித்தபடி நின்றாள். கைப்பையை எடுத்து, உட்பக்க ஜிப் திறந்து கிடப்பதைப் பார்த்தாள். கவர் இருந்தது. கவருக்குள் ஒன்றும் இல்லை.

"அம்மா, அது கடைக் காசு."

"என்ன கடைக் காசு?"

"அது இரண்டாயிரத்து முந்நூறு வருசத்துக் காசு. சேர் என்னை நம்பித் தந்தது."

பத்மநாதன் வாயில் வைத்த லட்டைத் திரும்ப எடுத்தான். கமலாம்பிகை சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்தான்: நம்பித் தந்தது. நல்ல நாளில் ஊரார் பொருளைப் போட்டு உருக்கியிருக்கிறோம். அதை அவளால் நினைக்கவே முடியவில்லை. தட்டில், மஞ்சள் அரிசியின் நடுவில், ஒரு பொட்டுப்போல அந்தப் பொன் கிடந்தது. பட்டி கட்டிய நெற்றி இல்லை, யானை இல்லை, எழுத்து இல்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றாள் அம்மா கடைசியில். "துலைஞ்சு போச்செண்டு சொல்லு."

"துலைஞ்சதெண்டா நான் கள்ளி. உருக்கினதெண்டா நான் விசயம் தெரியாத மொக்கு. எனக்கு மொக்கியாய் இருக்கலாம் அம்மா, கள்ளியாய் இருக்கேலாது."

திங்கட்கிழமை காலை, கடை திறக்குமுன்பே அவள் கதவடியில் நின்றாள். சேஷாத்ரி தேநீர்க் கோப்பையோடு வந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கோப்பையை மேசையில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

"உருக்கிட்டேளா? உருக்கியேவா?"

"ஓம் சேர்."

இந்த முறை அவர் ஹோமம் பற்றிப் பேசவில்லை.

"அத்தனை ராஜா வந்தான், கலாவதி. ஒவ்வொருத்தனும் முன்னாடி இருந்தவன் காசை உருக்கித் தன் தலையைப் போட்டான். அத்தனை பேர் கையிலயும் அகப்படாம எவனோ மண்ணுல புதைச்சு வெச்சதால இது தப்பிச்சுது. ரோமாபுரி வந்து போச்சு, தப்பிச்சுது. குட்மேய்ஸ்ல வந்து..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உருகின பொன்னைக் கொண்டு வந்து தாறன் சேர்."

"அதை வெச்சுண்டு நான் என்ன பண்ணுவேன்? தலை இருந்தவரைக்கும் அது தாலமி. இப்ப அது வெறும் பொன்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. காசைப் பார்த்தால் ஒரு கணத்தில் சொல்லிவிடுவாளே கலாவதி, சொந்த வீட்டில், அவள் முன்னால் எப்படி உருக்கினார்கள்?

"நீங்க எங்க இருந்தேள்?"

"மேலை இருந்தனான் சேர்" என்றாள். அவர் தமிழ்க்காரர். அவளுடைய கழுத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "ஐயோ" என்று மட்டும் சொன்னார்.

காசுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் இன்சூரன்ஸ்காரர்களுக்கு அந்த "ஐயோ" விளங்காது. அவர்கள் கண்ணில் விஷயம் நேரானது. காசு தெரிந்த ஒருத்தி, விலை தெரிந்த ஒருத்தி, வீட்டுக்குக் கொண்டுபோன காசு காணாமல் போயிருக்கிறது. உருகிவிட்டது என்கிறாள். பொட்டுப் பொன்னைக் காட்டுகிறாள். பொட்டுப் பொன்னை யாரும் காட்டலாம். உண்மையான காசு எங்கே விற்கப்பட்டது?

விசாரிக்க வந்த வெள்ளைக்காரர் நல்ல மனிதர்தான். சப்பாத்தை வாசலில் கழற்றினார். முன்னறையில் உட்கார்ந்து, பத்தரிடம் ஏற்கெனவே பேசிவிட்டதாகச் சொன்னார். யானையைப் பார்த்ததாகப் பத்தர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் இவர்களுக்கு வேண்டிய ஆள். ஆகவே ஒரே ஒரு கேள்வி: அந்த நேரம் கலாவதி எங்கே இருந்தாள்? அதை வீட்டார் வாயால் கேட்க வேண்டும் என்றார்.

பத்மநாதன் மொழிபெயர்த்தான். கமலாம்பிகை கண்ணிமைக்காமல் சொன்னாள்: "அவள் குசினியிலை சமைச்சுக்கொண்டு நிண்டவள்."

பத்மநாதன் ஒரு கணம் அக்காவைப் பார்த்தான். பிறகு அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னான்.

வெள்ளைக்காரர் திரும்பினார். குசினிக்கும் முன்னறைக்கும் நடுச் சுவரில், சாப்பாட்டுக் கோப்பை நீட்டுவதற்கென்று ஒரு திறப்பு இருந்தது. எழுந்து போய்க் குசினிக்குள் நின்று, அந்தத் திறப்பால் எட்டிப் பார்த்தார். கரித் தட்டு வைத்த இடம் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது.

"அப்படியானால் இவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்" என்றார். குரல் மாறியிருந்தது. இனிப் பொலிசுக்கு எழுத வேண்டி வரலாம் என்றும் சொன்னார்.

பத்மநாதன் பதறினான். "அக்கா, நீ இங்கிலீசிலை சொல்லன்! உனக்குத் தெரியுந்தானே! சொல்லு!"

"நான் சொன்னா அது நான் தப்பச் சொல்லுற சாட்டு" என்றாள் கலாவதி. "அம்மா சொல்லட்டும்."

"எதைச் சொல்லுறது?" என்றாள் கமலாம்பிகை. "உள்வீட்டுக் கதையை வெள்ளைக்காரனுக்குச் சொல்லுறதே? என்னெண்டு நினைப்பான்?"

"என்னைக் கள்ளி எண்டு நினைச்சாப் பரவாயில்லையோ?"

"அது முறை பிள்ளை. நானே செய்தது? ஊர் முறை."

"ஓம். என்ரை மனுசன்ரை தலை போட்ட காசு நான். தலை போச்சு, செல்லாது. ஆரம்மா சொன்னது செல்லாதெண்டு? இந்த வீட்டுக்கு வாடகை கட்டேக்கை மட்டும் செல்லுது. பவுண் வாங்கேக்கை செல்லுது. முன்னறையிலை நிண்டாச் செல்லாது. எந்த ராசா போட்ட சட்டம் அது? ஒருத்தன் சொன்னான், நாங்கள் எல்லாரும் கைநீட்டி வாங்கினம். நானுந்தான். நீங்கள் போ எண்டவுடனை நானுந்தான் மேலை போனனான்."

கலாவதி அழவில்லை. பத்மநாதன்தான் அழுதான். வெள்ளைக்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பையை மூடிக்கொண்டு எழுந்தார். சப்பாத்து போட வாசலுக்குப் போனார்.

அப்போதுதான் கமலாம்பிகை எழுந்து அவர் பின்னால் போனாள். மகனைக் கூப்பிடவில்லை. கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான ஆங்கிலம் மட்டுந்தான் அவளிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்:

"மிஸ்டர். ஷீ நோ ஹஸ்பண்ட். ஹஸ்பண்ட் டெட். ஐ சே, கோ அப். நொட் கம் டவுண். ஐ சே. மதர்."

வெள்ளைக்காரர் ஒரு காலில் சப்பாத்தோடு நின்றார். கணவன் இறந்ததற்காகவா என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள். எவ்வளவு நேரம் என்று கேட்டார். "ஓல் பினிஷ்" என்றாள். அந்தப் பவுணை வாங்கியது யார்? "ஷீ." இது யாருடைய வீடு? கமலாம்பிகை பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கால்தான் அந்தச் சொல்லும் வந்தது. "ஷீ."

அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பத்மநாதன் இன்றைக்கும் சொல்வான். திட்டவில்லை. பார்க்கக் கூடாத எதையோ கதவைத் திறந்து பார்த்துவிட்டவர்போல நின்றார். அதைப் பார்த்துத்தான் கமலாம்பிகை வெளிறிப்போனாள்.

அன்றைக்கு முழுவதும் அவள் சாப்பிடவில்லை. பொழுதுபடுகிற நேரம் மகளிடம் வந்து சொன்னாள்: "தமிழிலை எத்தினை சொல்லிருக்கு பிள்ளை. மங்கலம் எண்டலாம், முறை எண்டலாம், ஓய்வெடு எண்டலாம். இங்கிலீசிலை எனக்கு ஒண்டும் தெரியாது. உள்ளதை உள்ளபடிதான் சொல்ல வந்தது. சொல்லேக்கைதான் எனக்கே கேட்டுது. நான் என்ன செய்திருக்கிறன்!"

 

இன்சூரன்ஸ்காரர் அவளை நம்பினார். அம்மா வாசலில் சொன்ன அந்த அரைகுறைச் சொற்களை யாராலும் இட்டுக்கட்ட முடியாது என்று சேஷாத்ரியிடம் சொன்னாராம். காசின் விலையைக் கடைக்குக் கட்டிவிட்டதால், உருகிய பொன் இனித் தங்கள் இன்சூரன்ஸ் கம்பனிக்குச் சேர வேண்டும் என்று ஒரு கதை வந்தது. பொன்னுக்குப் பொன் சரியாக இருந்ததால், அதற்குப் பதிலாக ஐந்தாம் ஜோர்ஜை வாங்கிக்கொண்டு போனார்கள். சேஷாத்ரி கொஞ்ச நாள் அவளோடு அதிகம் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இருப்பதுபோல இருந்தார். பிறகு ஒரு நாள் புதிய காசு ஒன்று வந்தபோது, "கலாவதி, இவர் யாரு தெரியுமா?" என்று தொடங்கினார். வேலை போகவில்லை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கலியாணம் வட லண்டன் எட்மண்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கலாவதி பின் வரிசையில் இருப்பாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஐயர் அந்தப் பொன்னில் செய்த தாலியைத் தேங்காயோடு தட்டில் வைத்துச் சபையினர் தொட்டு ஆசீர்வதிக்க அனுப்பினார். தட்டு முன் வரிசைக்கு வந்ததும் கமலாம்பிகை அதைத் தானே வாங்கினாள். மகள் இருந்த பக்கம் திரும்பி நடந்தாள்.

"மச்சாள், எங்கை கொண்டு போறியள்?" என்று கலாவதிக்கு மாமி முறையான ஒருத்தி தட்டின் ஓரத்தைப் பிடித்தாள். "அங்காலை வேண்டாம். பிள்ளையளின்ரை வாழ்வு."

கமலாம்பிகை தட்டை விடவில்லை. இரண்டு பேர் பிடித்த தட்டு நடுச்சபையில் நின்றது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வீடியோக்காரன் வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினான்.

கலாவதி எழுந்தாள். வரிசைகளின் நடுவே நடந்து வந்தாள். அவள் வர வர, ஒரு சிலர் சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டார்கள். மணவறையில் இருந்த மணப்பெண் வசந்தமலரும் பத்மநாதனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையை எடுங்கோ மாமி" என்றாள் கலாவதி. சத்தமாக அல்ல.

மாமி கையை எடுத்தாள். கலாவதி தாலியைத் தொட்டாள், இரண்டு கையாலும், எல்லோரும் தொடுவதுபோல. தொட்டுவிட்டுத் திரும்பிப் போகவில்லை. முன் வரிசையில் அம்மாவின் கதிரை காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். தட்டு அடுத்தவரிடம் போயிற்று. அடுத்தவர் தொட்டார்.

அந்த வரிசையில் ஒருத்தி எழுந்து பின்னால் போய்விட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அவளுடைய குடும்பத்தார் கலாவதியின் வீட்டுக்கு வருவதில்லை. கலாவதிக்கு அதைப்பற்றிக் கவலை இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு" என்றார். "இல்லையெண்டு எழுதாதை."

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாசித்துவிட்டு மூடி வைக்காதீர்கள். பெயரை மாற்றிச் சொன்னாலும் சரி, ஊரை மாற்றிச் சொன்னாலும் சரி, ஒருவருக்காவது வாய்விட்டுச் சொல்லுங்கள். கலியாண வீட்டில், பொன்னுருக்கு வீட்டில், மேலே யாராவது ஓய்வெடுத்துக்கொண்டிருந்தால் அவருக்குச் சொல்லுங்கள். ஓய்வெடு என்று அவரை அனுப்பியவருக்கு அதைவிட முந்திச் சொல்லுங்கள்.